அண்ணன் ஜீப்புக்கு எந்த டயர்

நாம்-ஹாங்
9 நவம்பர் 2003

தம்பி தெத்-லினுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. ஏறக்குறைய நாலு வருஷமாக உன் நலத்தை நானும் கேட்கவில்லை, என் நலத்தை நீயும் கேட்கவில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசியிருப்பேன். ஆனால் உனக்குக் காது முக்கால்வாசி போய்விட்டது, போனை எடுத்தால் கிம்-லான்தான் உன் காதருகே கத்த வேண்டியிருக்கிறது என்று சொன்னார்கள். உன் பெண்டாட்டி கத்தி, நம் வீட்டுச் சங்கதி ஃபெங்-லின் கடைத்தெரு முழுக்கத் தெரிய வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினாலும் எனக்கு எழுத வரும்.

டயர் பற்றிக் கேட்கத்தான் எழுதுகிறேன். அண்ணி எழுதுகிறாள் என்று நினைக்காதே, வாடிக்கைக்காரி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்.

உன் அண்ணன் ஜீப் இன்னும் ஓடுகிறது. தினமும் நான்தான் ஓட்டுகிறேன். இப்போது இருக்கிற டயர் தேய்ந்து, கையால் தடவினால் சோப்பைத் தடவுவது போல இருக்கிறது. புது வருஷத்துக்குள் மாற்றியாக வேண்டும். ஏனென்றால், எலும்பு எடுக்கும் லோ ஐயா பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்துவிட்டார். நம் புது வருஷத்து முதல் மாதம் பதினெட்டாம் நாள், ஆங்கிலக் கணக்குக்குப் பிப்ரவரி எட்டு, ஞாயிற்றுக்கிழமை. உன் அண்ணன் மண்ணுக்குள் போய் ஆறு வருஷம் முடிந்துவிட்டது. நம் வழக்கப்படி எலும்பை எடுத்து, கழுவி, ஜாடியில் உட்கார வைத்து, கீழே குடும்பக் கல்லறையில் உன் அப்பா அம்மா பக்கத்தில் சேர்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் என்னிடம் சொன்னார்: "நாள் வரும்போது என் ஜீப்புலயே எறக்கிட்டு வா. ஊரான் வண்டியில ஏத்திடாத."

அவர் இப்போது படுத்திருக்கிற பழைய மேட்டுக்குப் போகிற வழி உனக்குத் தெரியும். நிலநடுக்கத்தில் ரோடு சரிந்த பிறகு ஓடையோரத் தடம்தான். மூன்று ஓடை தாண்ட வேண்டும், முதல் மாத மழையில் முழங்கால் சேறு. அந்த ஒரு நாளுக்குச் சேற்று டயர் வேண்டும். மற்ற நாளெல்லாம் பேரப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவிடுகிறேன், தார் ரோடு. அதற்கு எல்லா வழிக்கும் ஆகிற பொது டயர் போதும் என்கிறார்கள். இரண்டு செட் வாங்க எனக்கு வழியில்லை. எதைப் போட?

மின்-ஷெங் சீனாவில் இருக்கிற தொழிற்சாலையிலிருந்து புது வருஷத்துக்கு வருவான். ஆனால் ஒன்பதாம் நாளே திரும்பிப் போயாக வேண்டுமாம். மகன் இல்லாவிட்டால் ஜாடியைப் பிடித்துக்கொண்டு வர வேண்டியவன் கூடப்பிறந்தவன். இதைத் தகவலுக்குச் சொன்னேன். வா என்று எழுதவில்லை.

யுன்-மோய்

*

ஃபெங்-லின்
17 நவம்பர் 2003

அண்ணிக்கு,

கடிதம் வந்தது. வாடிக்கைக்காரி என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, கடைக்கு வருகிற எவரிடமும் கேட்பதைத்தான் கேட்கிறேன்.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் தார், எத்தனை மண்? மண் என்றால் என்ன மண்? கையில் எடுத்து உருட்டினால் கயிறு மாதிரித் திரிகிறதா, உதிர்கிறதா? அடியில் கல் தட்டுகிறதா, இல்லை குச்சி இறங்கிக்கொண்டே போகிறதா? மழை நாளில் எந்தெந்த வளைவில் பிரேக் மிதிக்கிறீர்கள்? வண்டியில் எத்தனை பேர்? ஒரு வாரம் பார்த்து எழுதுங்கள்.

கேட்பது வழக்கம் என்பதால் கேட்கிறேன். எனக்குப் பதில் இப்போதே தெரியும். அண்ணன் ஜீப்புக்குச் சேற்று டயர்தான். பன்னிரண்டு வருஷம் என் கையால் மாட்டியிருக்கிறேன். நீங்கள் லைசென்ஸ் எடுத்தபோதும் புது செட் ஒன்று ரயிலில் போட்டு அனுப்பினேன். அதைக் கழற்றி விற்றுவிட்டுப் பொது டயர் போட்டீர்கள். மறு வருஷம் கல்லறையில் காகிதம் வைத்துப் படைத்துக் கும்பிடுகிற நாளில் என்ன ஆனது? மூன்றாம் ஓடையில் மாட்டிக்கொண்டீர்கள். அவித்த சேவலும் பன்றிக்கறியும் உங்கள் வண்டியில், மேலே மழையில் நாற்பது பேர் பசியோடு. அது எனக்கு மறக்கவில்லை. அங்கே நான் சொன்னதும் மறக்கவில்லை, நீங்கள் சொன்னதும் மறக்கவில்லை.

நான் போவேனா என்று கிம்-லான் கேட்டாள். காது கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். இந்த வியாதியில் அது ஒரு வசதி.

தெத்-லின்

*

நாம்-ஹாங்
28 நவம்பர் 2003

தம்பி,

ஒரு வாரம் பார்த்து எழுதச் சொன்னாய். பார்த்தேன். பரீட்சைக்குப் படிப்பதுபோல் பார்த்தேன்.

காலையில் ஆறே முக்காலுக்குக் கிளம்புகிறேன். வீட்டிலிருந்து கோயில்வரை சிமெண்டுத் தடம், பாசி பிடித்தது. அங்கிருந்து பள்ளிக்கூடம்வரை பதினோரு கிலோமீட்டர் தார், முப்பத்தெட்டு வளைவு. எண்ணியது நானில்லை, ஹாவ். ஆறு வயசு, நூற்றுக்கு மேல் எண்ணுவான். பெய்-ஷான் பின்னால் உட்கார்ந்து பாடம் ஒப்பிப்பாள். போன மாதம் தூரிகை எழுத்துப் போட்டியில் வட்டாரத்திலேயே முதலாவதாக வந்தாள். உனக்குத் தெரிந்திருக்காது, சொல்லி வைக்கிறேன். திரும்பி வரும்போது பெர்சிமன் பழத் தோப்புக்குள் ஒன்றரைக் கிலோமீட்டர் மண். சாயங்காலம் மறுபடி பள்ளிக்கூடம். இவ்வளவுதான் என் நாள். ஆக, மண் என்பது கறியில் போடுகிற உப்பளவு.

சேற்றையும் பார்த்தேன். பழைய மேட்டுத் தடத்தில் நடந்தே போய் மூன்று ஓடையிலும் கையை விட்டேன். முதல் இரண்டில் ஒரு முழத்துக்குள் கல் தட்டுகிறது. மூன்றாவதில் மூங்கில் குச்சி இறங்கிக்கொண்டே போகிறது. உருட்டினால் திரிகிறது. அரிசி மாவுப் பதம். பலகாரம் பிடிக்கலாம்.

அன்றைக்கு நீ சொன்னது மறக்கவில்லை என்கிறாய். நாற்பது பேர் முன்னால், "அண்ணன் செத்ததும் அவன் ஜீப்புக்கு டவுன் செருப்பு மாட்டிட்டீங்களே அண்ணி" என்றாய். நான் சொன்னதையும் நானே எழுதிவிடுகிறேன். "நீ டயர் விக்கிறவன். விட்டா பாடைக்கும் நாலு டயர் மாட்டுவ" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் சிரிக்காமல் இருந்திருந்தால் நீ சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருப்பாய். நீ போன பிறகு உன் பங்குச் சேவல் தொடையை யாரும் தொடவில்லை.

சேற்று டயரைப் பற்றி எனக்கு நீ சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊளையோடு பன்னிரண்டு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன். அவர் கோயில் வளைவில் திரும்பும்போதே ஊங்… என்று மலை முழுக்கக் கேட்கும். கேட்டதும் அடுப்பில் சட்டியை வைப்பேன். எண்ணெய் காய்ந்து, பூண்டு போட்டு, கீரையை அள்ளிப் போடுகிற நேரத்துக்கு வண்டி வாசலில் நிற்கும். ஒரு நாளும் கீரை ஆறினதில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் புருஷனுக்காகக் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், எனக்குக் கடிகாரம் தேவைப்பட்டதில்லை. அவர் போன பிறகு எத்தனையோ நாள் அந்த வளைவில் சிமெண்டு லாரி திரும்ப, நான் சட்டியை வைத்திருக்கிறேன்.

ஆக, அந்த டயர் எனக்குப் பிடிக்காமல் கழற்றவில்லை. அதை மட்டும் தெரிந்துகொள்.

யுன்-மோய்

*

ஃபெங்-லின்
8 டிசம்பர் 2003

அண்ணிக்கு,

பிடிக்காமல் கழற்றவில்லை என்றால் வேறு எதற்கு? நீங்கள் சொல்லவில்லை. நானும் துருவவில்லை.

ஊளை என்றதும் பழசெல்லாம் வந்துவிட்டது. முதல் செட் வாங்கிய வருஷம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? எண்பத்தைந்து. ராணுவ ஏலத்தில் எடுத்தோம், மூன்று டயர் ஒரு மாதிரி, நாலாவது வேறு மாதிரி. மாட்டிக்கொண்டு கீழிருந்து வந்தோம். அம்மா வாசலில் நின்று ஆகாயத்தைப் பார்க்கிறாள். கையை நெற்றியில் வைத்துத் தேடுகிறாள். "ஏரோப்பிளேன் எங்கடா? சத்தம் கேக்குது, ஆளைக் காணோம்." அண்ணன் தலையை வெளியே நீட்டி, "நான்தாம்மா. இன்னும் தரையிலதான் வர்றேன்" என்றான். அம்மா கையிலிருந்த கீரைக்கட்டை அவன்மேல் எறிந்தாள். அந்தச் சத்தம் இருக்கிறதே, கடைசியாக என் காதில் விழுந்ததில் அதுவும் ஒன்று. காது மங்க ஆரம்பித்த பிறகும் அண்ணன் வருவது எனக்குத் தெரியும். கடைச் சிமெண்டுத் தரை அதிரும், செருப்பில்லாத காலில் தெரியும். கிம்-லான் சொல்வதற்கு முன்னால் நான் எழுந்து வெளியே போவேன்.

சரி, வாடிக்கைக்காரிக்கு. நீங்கள் எழுதியதைப் பார்த்தால், வேறு யாராக இருந்தாலும் பொது டயர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். தார் அதிகம், பிள்ளைகள் உண்டு, தேய்மானம் குறைவு, சத்தம் இல்லை. சேற்று டயரின் கட்டைகள் பெரிசு, இடைவெளி பெரிசு. சேற்றைக் கவ்வும், கவ்வியதை உதறித் தள்ளும். தாரில் அந்தக் கட்டை மட்டும்தான் தரையைத் தொடும், மற்றதெல்லாம் காற்று. இதைத் தெரியாதவன் போல் எழுத மாட்டேன்.

ஆனால் மூன்றாம் ஓடையில் குச்சி இறங்கிக்கொண்டே போகிறது என்கிறீர்கள். திரிகிற களி. பொது டயரின் பள்ளத்தில் அது அப்பிக்கொண்டால், நாலு சக்கரமும் நாலு உருண்டை மாவு. ஒரு தடவை நின்றீர்கள். அப்போது வண்டியில் சேவல் இருந்தது. இந்தத் தடவை அண்ணன். லோ ஐயா குறித்த நேரத்துக்குள் கல்லறை வாசலுக்கு வராமல் அவன் சேற்றில் நிற்பதை என்னால் பார்க்க முடியாது.

அதனால் கடைசியாகச் சொல்கிறேன். சேற்று டயர் என்றால் நான் வருகிறேன், ஜாடியைப் பிடித்துக்கொள்கிறேன். பொது டயர் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

தெத்-லின்

*

நாம்-ஹாங்
20 டிசம்பர் 2003

தம்பி,

துருவவில்லை என்றாய். நானே சொல்கிறேன். இது உன்னோடு இருக்கட்டும். கிம்-லானிடம்கூட உரக்கப் பேசாதே. உனக்குக் காது கேட்காததால் நீ பேசுவதெல்லாம் ஊருக்கே கேட்கிறது என்கிறார்கள்.

லைசென்ஸ் எடுத்து மூன்று மாதம். நீ அனுப்பிய புது செட் மாட்டியிருந்தேன். எனக்கு எவ்வளவு பெருமை என்று சொல்ல முடியாது. அதே ஊளை. நான் போகும்போது வயலில் நிற்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள், அவர்தான் வருகிறாரோ என்று ஒரு நொடி நினைப்பார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

அன்று பெரிய மழைகூட இல்லை, தூறல். பெய்-ஷானுக்கு நாலு வயசு, பாலர் பள்ளிக்கு அழைத்துப் போகிறேன். கோயிலுக்குக் கீழே முதல் வளைவில் எதிரே சைக்கிள் ஒன்று வந்தது. மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. அது பாட்டுக்குப் பக்கவாட்டில் போகிறது, நான் ஸ்டீயரிங்கைச் சுற்றுகிறேன், அதற்கும் எனக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் போகிறது. மூங்கில் புதர் ஒன்று பிடித்து நிறுத்தியது. பின் சக்கரம் ஒன்று வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. கீழே எவ்வளவு ஆழம் என்று உனக்குத் தெரியும்.

பெய்-ஷான் கை தட்டினாள். "பாட்டி, இன்னொரு தடவை!" என்றாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தே பள்ளிக்கூடத்தில் விட்டேன். திரும்பி வந்து அந்த மூங்கில் புதரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சைக்கிள்காரர் வேற்றூர், அவரே கயிறு கட்டி வண்டியை இழுக்க ஆள் கூட்டி வந்தார். மறு வாரம் டயரைக் கழற்றி விற்றேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? உன் பெரியப்பா மகன்கள் வந்து சாவியை வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். "பொம்பள ஓட்டினா இப்படித்தான்." மருமகள் ஷின்-சூவில் ஆலை வேலை, சனிக்கிழமைதான் வருகிறாள். நான் ஓட்டாவிட்டால் இந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. என்னை ஐந்தாம் வகுப்பில் நிறுத்தியது வேறெதற்கும் இல்லை. பள்ளிக்கூடம் தூரம், கொண்டுவிட ஆள் இல்லை. அவ்வளவுதான் காரணம். அதனால்தான் நாற்பது பேர் முன்னால் நீ டவுன் செருப்பு என்று சொன்னபோது நான் உண்மையைச் சொல்லாமல் பாடையை இழுத்தேன்.

நான் முடிவு பண்ணிவிட்டேன். பொது டயர். உன் அண்ணன் ஒரு நாள் சேற்றில் நின்றால் கோபித்துக்கொள்வார், அவர் கோபம் எனக்குப் பழக்கம். பேத்தியை அந்த வளைவில் அப்படி நான் இன்னொரு தடவை பார்க்க மாட்டேன். வேறு ஆள் பார் என்றாய். பார்க்கிறேன். யாரும் கிடைக்காவிட்டால் ஜாடியைச் சீட்டோடு சேர்த்து நானே கட்டிக்கொண்டு வருகிறேன்.

யுன்-மோய்

*

ஃபெங்-லின்
6 ஜனவரி 2004

அண்ணி,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

பொது டயர் போடுங்கள். பக்கச்சுவர் கெட்டியானதாகப் பார்த்து வாங்குங்கள். அகலமானதைக் கொடுக்கப் பார்ப்பான், வாங்காதீர்கள். ஒல்லியானதுதான் சேற்றைக் கிழித்துக்கொண்டு அடிக்கல்லைத் தொடும்.

இருபத்தெட்டு வருஷமாக டயர் விற்கிறேன். சேற்று டயர் கேட்டு வருகிற ஒவ்வொரு வாலிபனிடமும் சொல்வேன்: "தம்பி, ஈரத் தார்ல இது செருப்பில்லாம எண்ணெயில நடக்குற மாதிரி. பாத்து." ஒருத்தரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. உங்களுக்கு மட்டும் சொல்லவில்லை. புதுசாக ஓட்டப் படித்தவர், மலை ரோடு, கூடக் குழந்தை. எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ரயிலில் போட்டு அனுப்பினேன். அண்ணன் ஜீப் அண்ணன் ஜீப் மாதிரியே வர வேண்டும், தரை அதிர வேண்டும் என்பதுதான் என் மண்டையில் இருந்தது. அதில் யார் உட்கார்ந்து வருகிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. அதை நீங்கள் விற்றபோது கோபம் வேறு பட்டேன்.

கிம்-லான் இதைப் படித்துவிட்டாள். கத்தவில்லை. அது இன்னும் மோசம்.

இப்போது நான் சொல்கிறபடி செய்யுங்கள். முதல் ஓடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி நாலு சக்கரத்திலும் காற்றை இறக்க வேண்டும். இருபத்தாறு பவுண்டு இருந்தால் பதினாலு. டயர் சப்பையாகப் பரவி உட்காரும், அதைப் பார்த்துப் பயப்படக் கூடாது. நடந்து போய்க் குச்சியால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். தாழ்ந்த கியர், இரண்டாவதில். வேகமும் வேண்டாம், நிற்கவும் வேண்டாம். சக்கரம் சுழல ஆரம்பித்தால் மிதியைக் கூட்டாதீர்கள், காலை எடுங்கள். முக்கியமானது, தாருக்கு ஏறும் முன் மறுபடி காற்று நிரப்பியே ஆக வேண்டும். சப்பை டயரோடு வளைவில் திரும்பினால் சேற்று டயரே மேல் என்று ஆகிவிடும்.

பம்பு நான் கொண்டு வருகிறேன்.

தெத்-லின்

*

நாம்-ஹாங்
24 ஜனவரி 2004

தம்பி,

வருஷம் பிறந்து மூன்றாம் நாள். மின்-ஷெங் வந்திருக்கிறான், தூங்கிக்கொண்டே இருக்கிறான். டயர் மாட்டிவிட்டேன், ஒல்லிதான். கடைக்காரன் அகலத்தைக் காட்டி, "அம்மா, இது பாக்க கம்பீரமா இருக்கும்" என்றான். "கம்பீரம் எனக்கு இருக்கு, டயருக்கு வேணாம்" என்றேன்.

ஜாடியும் வாங்கியாயிற்று. நடுத்தர அளவைக் காட்டினார்கள். உன் அண்ணன் நெட்டை, தொடையெலும்பு கொள்ளாது என்று பெரிசாக எடுத்தேன். முன் சீட்டில் நிற்கிறதா என்று வைத்தும் பார்த்துவிட்டேன். நீ பின்னால் உட்கார்ந்து, முன்னால் கையைக் கொடுத்துக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓடை, பாலம், வளைவு வந்தால் அவருக்குச் சொல்லிக்கொண்டே வர வேண்டியதும் நீதான். சொல்லாவிட்டால் ஆள் வழியிலேயே தங்கிவிடுவார்.

உன் பங்குக்குச் சேவல் தொடை உண்டு.

யுன்-மோய்

*

ஃபெங்-லின்
19 பிப்ரவரி 2004

அண்ணி,

சுகமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டிக்கொடுத்த பலகாரம் ரயிலிலேயே தீர்ந்தது. கைக்கு எண்ணெய் தேய்க்கிறேன். அவ்வளவு நேரம் ஜாடியைக் கட்டிப் பிடித்ததில் இரண்டு தோளும் பிடித்துக்கொண்டுவிட்டது. உயிரோடு இருந்தபோது அண்ணனை நான் ஒரு தடவைகூடக் கட்டிப் பிடித்ததில்லை.

எல்லாம் நல்லபடி முடிந்தும் எனக்கு அந்த நாளை விட மனசில்லை. லோ ஐயா குழியைத் திறந்ததும் நீங்கள் கருப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். மழை உங்கள்மேல் பெய்தது, குடை அவன்மேல். அவர் ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொடுக்க, பாதத்திலிருந்து மேலே மேலே அடுக்கினோம். இடது முட்டியில் அந்தப் பழைய முறிவு அப்படியே இருந்தது. பதினாலு வயதில் என்னால் மரத்திலிருந்து விழுந்தது. எனக்குத்தான் தெரியும் என்று நினைத்தேன். நீங்கள் அதை எடுத்து இரண்டு விரலால் தடவிவிட்டு வைத்தீர்கள்.

இறங்கும்போது முதல் ஓடை, இரண்டாம் ஓடை, நீங்கள் ஓட்டியதில் நான் சொல்ல ஒரு குறையும் இல்லை. "அண்ணே, ஓடை வருது. தண்ணி சில்லுன்னு இருக்கும்" என்று நான் கத்திக்கொண்டே வந்தேன். மூன்றாவதில் நின்றோம். நிற்போம் என்று எனக்குத் தெரியும். சக்கரம் சுழன்றதும் நான் கத்தினேன்.

"காலை எடுங்க அண்ணி, காலை எடுங்க!"

நீங்கள் திரும்பி ஏதோ சொன்னீர்கள். கேட்கவில்லை. நான் மறுபடி கத்தினேன். நீங்கள் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னீர்கள். லோ ஐயா சேற்றில் நடந்து வந்து என் காதில் வாயை வைத்தார். "காலை எப்பவோ எடுத்தாச்சாம். நீதான் கத்திக்கிட்டே இருக்கியாம். நடுவுல உக்காந்திருக்கிற மனுஷன் உங்க ரெண்டு பேர் சண்டையில எறங்கி ஓடிடப் போறாரு!"

அப்புறம்தான் சிரித்தோம். பெரியப்பா மகன்கள் மூங்கில் வெட்டி வந்து சக்கரத்துக்கு அடியில் கொடுத்தார்கள், தள்ளினார்கள். அரை மணி. சேற்று டயராக இருந்தால் நின்றிருக்காது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் டயர்க்காரன் இல்லை. ஆனால் அந்த அரை மணி நேரம் அண்ணனோடு அந்த ஓடையில் சும்மா உட்கார்ந்திருந்தது எனக்குப் பிடித்திருந்தது. நிற்காமல் இறங்கியிருந்தால் அது கிடைத்திருக்காது. லோ ஐயா குறித்த நேரத்துக்கும் பத்து நிமிஷம் முன்னாலேயே போய்ச் சேர்ந்தோம். அவர் நம்மைத் தெரிந்துகொண்டு தள்ளியே குறித்திருக்கிறார்.

ஒன்று கேட்க வேண்டும். தாருக்கு ஏறும்போது காற்று நிரப்பினோம். கோயிலுக்குக் கீழே அந்த வளைவு வந்தது. "அண்ணே, வளைவு, பிடிச்சுக்க" என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உங்கள் உதடு அசைந்தது. என்ன சொன்னீர்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. வீட்டில் கேட்க நினைத்தேன், ஆட்கள் இருந்தார்கள்.

தெத்-லின்

*

நாம்-ஹாங்
14 மார்ச் 2004

தம்பி,

தோளுக்கு எண்ணெய் போதாது, இஞ்சியைச் சுட்டு ஒத்தடம் கொடுக்கச் சொல். பெய்-ஷான் உனக்குத் தன் கையால் உன் பெயரைத் தூரிகையில் எழுதி அனுப்பியிருக்கிறாள். கடையில் மாட்டு. ஓரமாக மாட்டாதே, வருகிறவர் போகிறவர் பார்க்கிற இடத்தில் மாட்டு.

வளைவில் என்ன சொன்னேன் என்று கேட்டாய். "பாத்தீங்களா, வழுக்கல" என்றேன். அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷம் அவர் ஓட்ட நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நான் ஓட்டி அவர் உட்கார்ந்து வந்தது அது ஒன்றுதானே. சொல்லாமல் எப்படி இருப்பது?

இப்போது குடும்பக் கல்லறை பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில், தார் ரோட்டு ஓரத்திலேயே இருக்கிறது. காலையில் பிள்ளைகள் ஜன்னல் வழியாகக் கையசைக்கிறார்கள். பழைய மேட்டில் நமக்கு இனி யாரும் இல்லை. அந்தச் சேற்றுக்கு வருஷத்தில் ஒரு நாள்கூடப் போக வேண்டியதில்லை. எந்த டயர் என்று நாம் அடித்துக்கொண்டதெல்லாம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

நேற்று சனிக்கிழமை. மருமகள் வந்திருந்தாள், பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டு, வினிகர் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினேன். கடைக்குத் திரும்புகிற இடத்தில் திரும்பவில்லை. முதல் ஓடைக்கு முன்னால் இறங்கி, நாலு சக்கரத்திலும் நானே காற்றை இறக்கினேன். குச்சியால் குத்திப் பார்த்தேன். மூன்றாம் ஓடையில் காலை எடுக்க வேண்டிய இடத்தில் எடுத்தேன். நிற்கவில்லை. பார்க்க ஒரு ஆள் இல்லை, அதுதான் வருத்தம். எதற்குப் போனேன் என்று கேட்காதே. போக வேண்டியதில்லை என்று ஆன பிறகு ஐந்து வாரமாக ஒவ்வொரு நாளும் போக வேண்டும் போலவே இருந்தது.

குழியை மூடும் முன் லோ ஐயா ஒரு வெள்ளை முள்ளங்கியை உள்ளே போட்டு மண் தள்ளினாரே, குழி வெறுமையாக இருக்கக் கூடாது என்கிற வழக்கத்துக்கு. மழையில் மேல் மண் கரைந்திருக்கிறது. அது முளைத்துவிட்டது. ஒரு சாண் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று இலை, நடுவில் தண்டு. அவர் படுத்திருந்த இடத்தில் வேறு ஒரு புல்லும் இன்னும் வரவில்லை. அது மட்டும் நிற்கிறது. பிடுங்க வேண்டுமா விட வேண்டுமா, லோ ஐயாவிடம் கேட்டால் ஏதாவது சாஸ்திரம் சொல்வார் என்று கேட்கவில்லை. சுற்றிலும் நாலு கல்லை வைத்துவிட்டு வந்தேன்.

மொட்டு விட்டிருக்கிறது. இன்னும் பத்து நாளில் பூத்துவிடும். நான் போகப் போகிறேன். நீ வருவதாக இருந்தால் இந்தத் தடவை முன் சீட்டில் உட்காரலாம்.

யுன்-மோய்